‘எங்கள் விசுவாசம்’ என்று சொல்லிச் சாத்திய கதவு

பொன்மலை ஆர்மரி கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு. போன மாதம் ஒரு மாலையில் அங்கே உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுத் தம்பிக்கு 23 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரு கிறித்தவ அறநிறுவன அலுவலகத்தில் கணினியில் பதிவு போடும் வேலை பார்த்தவர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது யாரோ அனுப்பிய ஒரு போட்டோவால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. முதலில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது, ‘ஆவியை’ விரட்ட. நான்காம் நாள் ‘இனி வர வேண்டாம்’ என்றார்கள். கடிதம் இல்லை, விசாரணை இல்லை, பாக்கிச் சம்பளமும் இல்லை. (ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியே எழுதுகிறோம்.)

நியாயம் கேட்கப் போனோம். நிர்வாகி எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். குரலை உயர்த்தவே இல்லை. “நாங்க யாரையும் வெறுக்கலங்க. இது எங்க விசுவாசம். அதைக் கடைப்பிடிக்க அரசியல் சட்டமே உரிமை கொடுத்திருக்கு. பிரிவு 25 படிச்சிருப்பீங்களே?”

படித்திருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மத உரிமையைக் கேலி செய்யும் கூட்டம் அல்ல நாம். இந்த நாட்டில் அந்த உரிமை யாருக்கும் முன்னால் நமக்குத் தேவைப்பட்டது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது அந்த உரிமையால்தான். 1981இல் மீனாட்சிபுரம் மக்கள் இஸ்லாத்துக்குப் போனதும் அப்படியே. 2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, சிறுபான்மையினரோடு சேர்ந்து தலித் இயக்கங்களும் தெருவுக்கு வந்தன. பொன்மலையின் ஜெப வீடுகளில் நம் அம்மாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். வேறு எங்கே அவர்களுக்கு முன்வரிசை கிடைத்தது? அதை யாரும் பறிக்க நாம் விடப்போவதில்லை.

ஆகவே போதகர் என்ன பிரசங்கிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஓரினச் சேர்க்கை பாவம் என்று அவர் பீடத்தில் நின்று சொல்லட்டும். நமக்கு அது தவறாகப் படுகிறது, அதை நாமும் எழுதுவோம், பேசுவோம். தன் பீடத்தில் யாருக்குத் திருமணம் செய்துவைப்பது என்பதையும் அவர் சபையே முடிவு செய்யட்டும். ஆனால் கணினியில் பதிவு போடுவது திருப்பலி அல்ல. சம்பளப் பட்டியல் வேதாகமம் அல்ல. அங்கே ‘விசுவாசம்’ என்ற சொல் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையின் சோற்றை எடுத்தது.

பிரிவு 25ஐ நிர்வாகி பாதியிலிருந்து படித்திருக்கிறார். அது தொடங்குவதே நிபந்தனையோடுதான். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அடிப்படை உரிமைப் பகுதியின் மற்றப் பிரிவுகள், இவை எல்லாவற்றுக்கும் உட்பட்டதே மத உரிமை. அந்த மற்றப் பிரிவுகளில் சமத்துவமும் இருக்கிறது, தீண்டாமை ஒழிப்பும் இருக்கிறது. ‘ஒழுக்கம்’ என்றால் யாருடைய ஒழுக்கம் என்று கேட்கலாம். அரசியல் சட்ட ஒழுக்கம் இயல்பாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். 377ஆம் பிரிவின் முதுகெலும்பை முறித்த 2018 செப்டம்பர் 6ஆம் தேதி நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு அந்தக் கருத்தின்மேல்தான் நின்றது.

‘என் நம்பிக்கை புண்படும், ஆகவே நீ உள்ளே வராதே’ என்ற வாதம் நமக்குப் புதிதா என்ன? கோயில் நுழைவுக்கு எதிராகச் சொல்லப்பட்டது இதே வாதம்தான். மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில், எங்கள் சமயப் பிரிவின் கோயில், யாரை விடுவது என்பது எங்கள் உரிமை என்று கௌட சாரஸ்வத பிராமணர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1958இல் நீதிமன்றம் என்ன சொன்னது? சில சிறப்புச் சடங்குகளை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. சடங்கு அவர்களுடையது, கதவு பொது. தம்பியின் விஷயத்தில் நாம் கேட்பது இதைவிட ஒரு இம்மி கூட அதிகம் அல்ல.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உணவகங்கள் நடத்திய ஒருவர், கறுப்பரையும் வெள்ளையரையும் சேர்த்து உட்காரவைப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதம் என்று வழக்காடினார். அந்த வாதம் பரிசீலிக்கவே தகுதியற்றது என்று 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளியது. வடக்கு அயர்லாந்தில், தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த கிறித்தவ பேக்கரிக்காரர்கள் 2018இல் வென்றார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் மறுத்தது வாசகத்தை. வந்தவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அவருக்குக் கேக் விற்க மறுத்திருந்தால் நிலைமை வேறு என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. பொன்மலைத் தம்பியை யாரும் எந்த வாசகத்தையும் எழுதச் சொல்லவில்லை. ஆளையே வேண்டாம் என்றார்கள்.

மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைச் செத்த பிறகும் பிரித்துவைத்த சுவரைத் திருச்சிக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அதற்கும் ‘வழக்கம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவரை எதிர்த்த வாயால் இன்று ‘அது சபையின் விசுவாசம், நாம் தலையிட வேண்டாம்’ என்று சில தோழர்கள் சொல்லும்போது நமக்கு வலிக்கிறது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று 377க்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் ஓடியவர்களின் பட்டியலை அந்தத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பும் முஸ்லிம் தனிச்சட்ட வாரியமும் இருக்கும் அதே பட்டியலில் கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சாவும் இருக்கிறது. மனுவைத் தன் பெயரிலேயே சுமக்கும் கட்சி! 2013இல் அவர்கள் எல்லோரும் ஒன்றாகவே வென்றார்கள். மனுவாதியோடு ஒரே வரிசையில் நின்று வாங்கிய வெற்றி நமக்கு எதற்கு?

‘இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரப் பிரச்சினை, சாதிக்கொடுமையோடு ஒப்பிடாதீர்கள்’ என்பது இன்னொரு வாதம். இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. சாதிக்கு நிலமும் சுடுகாடும் கோயிலும் ஊரும் இருக்கின்றன. பாலீர்ப்பு பிறப்பால் ஒரு தெருவில் கொண்டுபோய் அடைப்பதில்லை. ஆனால் வேறொரு வித்தியாசத்தையும் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சாதி சொல்லித் திட்டப்பட்ட பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்தால், அதே வசவை வாங்கிய அம்மா மடியில் போட்டுக்கொள்வாள். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் அடியே வீட்டில்தான் விழுகிறது. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வேலூர் வழக்கில், 25 வயதுப் பெண் ஒருத்தியைப் பெற்றோர் அடித்து அடைத்துவைத்து, ‘சரியாக்க’ச் சடங்குகளும் செய்திருக்கிறார்கள். காவல்துறையே அவளைப் பெற்றோரிடம் ஒப்படைத்திருந்தது. நீதிமன்றம்தான் அவளை அவள் விருப்பப்படி போகவிட்டது. குடும்பம் என்பதைத் தேர்ந்துகொள்ளவும் முடியும் என்றும் சொன்னது.

தலித்தாகவும் தன்பாலீர்ப்பாளராகவும் இருப்பவர் வாடகைக்கு வீடு தேடும்போது இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது பட்டணத்துப் பணக்காரப் பிரச்சினையா?

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சையைத் தடுத்தது. 2022இல் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் புது விதி சேர்ந்தது. அதே ஆண்டு இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்பட்டியலை அரசு வெளியிட்டது. எல்லாம் சரி. ஆனால் தடை மருத்துவருக்கு, விதி காவலருக்கு, சொற்பட்டியல் எழுதுபவருக்கு. வேலை கொடுப்பவருக்கும் வீடு கொடுப்பவருக்கும் விடுதி நடத்துபவருக்கும் என்ன?

அன்று மாலை அந்த அம்மா கேட்டதும் இதைத்தான். ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்ப்பவர். வன்கொடுமைச் சட்டம் பற்றி நாங்கள் நடத்திய கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர். “சாதிப் பேரு சொல்லித் தொரத்துனா கேசு போடலாம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. இதுக்கு எந்தக் கேசு போடுறது?”

தனியார் வேலையிலும் வாடகை வீட்டிலும் பாலீர்ப்பு காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தண்டிக்கும் முழுமையான சட்டம் இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டிலும் இல்லை. அந்தச் சட்டம் வேண்டும் என்பது இனி நம் கோரிக்கைப் பட்டியலிலும் இருக்க வேண்டும். வழிபாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் அதில் விலக்குக் கொடுக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. அலுவலகத்துக்கும் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் விலக்குக் கேட்டால் எதிர்ப்போம். 1946 செப்டம்பர் 5 அன்று சங்கத் திடலில் ஐந்து ரயில்வே தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. இங்கே ஒரு தொழிலாளியை விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதைச் ‘சபை விஷயம்’ என்று தொழிற்சங்கத் தோழர்களும் ஒதுக்கிவிட முடியாது.

அந்த அம்மா இப்போதும் அதே சபைக்குத்தான் போகிறார். முன்வரிசையில் அல்ல, கடைசி வரிசையில் உட்காருகிறார். பாக்கிச் சம்பளத்துக்காகத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். அது சம்பளத்துக்கான மனு. மற்றதற்கான மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று அவரிடம் எங்களால் இன்னும் சொல்ல முடியவில்லை.