அம்மா போன், அப்பா நம்பர்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுல அதைவிட ஜாஸ்தி. இன்னைக்கு எழுத உட்கார வச்சது ஒரு தொலைஞ்ச போன். புது மாடல் எல்லாம் இல்லீங்க, வித்தா ரெண்டாயிரம்கூடத் தேறாத பழைய ஆண்ட்ராய்டு. ஆனா அது போன அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் தூங்கல.

சைனிக்புரி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. செகந்திராபாத்துக்கு வடகிழக்குல, ராணுவத்துல இருந்து வந்தவங்களுக்காக உருவான காலனி. பேர்லயே சிப்பாய் இருக்கார். அமைதியான ஏரியா. நம்ம ஊர் ஆளுங்களும் அங்கங்க உண்டு. திருநெல்வேலியில இருந்து அம்மா வந்திருந்தாங்க. தெலுங்கு சுத்தமா தெரியாது, ஆனாலும் இ.சி.ஐ.எல். வரைக்கும் போய் காய் வாங்கிட்டு ஷேர் ஆட்டோவுல திரும்பி வர்ற தைரியம் உண்டு. அன்னைக்கு கட்டைப்பையில கத்திரிக்காய் வந்துச்சு, கறிவேப்பிலை வந்துச்சு, போன் மட்டும் வரல.

அம்மா கூப்பிட்டா என் போன்ல என்ன பேர் வரும் தெரியுமா? 'அப்பா'. அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. அவர் நம்பரைத்தான் அம்மா வச்சிருக்காங்க. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் இருக்கிற நம்பர், பேங்குல கொடுத்த நம்பர், கேஸ் புக்கிங் நம்பர், எல்லாம் அதுதான். நானும் பேரை மாத்தல. மாத்த மனசு வரல.

முதல் மூணு தடவை ரிங் போச்சு. யாரும் எடுக்கல. நாலாவது தடவை ஸ்விட்ச் ஆஃப்.

சரி, நாமதான் பெரிய கம்ப்யூட்டர் புலியாச்சே, உட்கார்ந்த இடத்துல இருந்தே பிடிச்சிருவோம்னு லேப்டாப்பைத் திறந்தேன். கூகுள் கணக்கோட மெயில் ஐடி கேட்டுச்சு. அது யாருக்குத் தெரியும்? ஊர்ல மொபைல் கடைப் பையன் போட்டுக் கொடுத்தது. வாட்ஸ்அப் வந்தா போதும்னு நானும் கேட்டு வைக்கல. ஐடி கண்டுபிடிச்சா பாஸ்வேர்ட் தெரியாது. பாஸ்வேர்டை மாத்தலாம்னா அதுக்கான குறியீடு எங்க போகும்? தொலைஞ்ச போனுக்கேதான். பீரோவுக்குள்ள சாவியை வச்சுப் பூட்டின கதை.

இன்னொரு உண்மையும் சொல்லணும். அந்தப் போன்ல ஸ்க்ரீன் லாக் கிடையாது. அம்மா பேட்டர்னை அடிக்கடி மறந்துட்டு, "எய்யா, தொறக்க மாட்டேங்குது"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. போன தடவை ஊருக்குப் போனப்போ லாக்கை எடுத்து விட்டது நானேதான். அதாவது ஆட்டோவுல எடுத்தவன் கையில, அம்மா பேங்க்ல இருந்து வர்ற ஓடிபி எல்லாம் திறந்த வீடு மாதிரி கிடந்துச்சு. மாசாமாசம் குடும்ப ஓய்வூதியம் வர்ற கணக்கு அது.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். 2000களோட பின்பாதியில என்கிட்ட ஒரு நோக்கியா இருந்துச்சு, எஸ்60 வகை. அதுல செக்யூரிட்டி பகுதியில 'ரிமோட் லாக்'னு ஒரு வசதி. அஞ்சுல இருந்து இருபது எழுத்துக்குள்ள ஒரு ரகசிய வாசகத்தை முன்கூட்டியே எழுதி வச்சுக்கணும். போன் தொலைஞ்சா, யாரோட போன்ல இருந்து வேணும்னாலும் நம்ம நம்பருக்கு அந்த வாசகத்தை எஸ்எம்எஸ் அனுப்பினா போதும். அங்க போன் பூட்டிக்கும். இன்டர்நெட் வேணாம், மெயில் ஐடி வேணாம். டீக்கடைக்காரர்கிட்ட போன் கடன் வாங்கி ஒரு ரூபா செலவுல வேலை முடிஞ்சிரும். வேற சிம் போட்டா பூட்டிக்கிற வசதியும் அதே இடத்துல இருந்துச்சு. சாம்சங்ல 'மொபைல் டிராக்கர்'னு ஒண்ணு. திருடன் தன் சிம்மைப் போட்ட உடனே, நாம கொடுத்து வச்ச நம்பருக்கு அவன் நம்பர்ல இருந்தே எஸ்எம்எஸ் வந்துரும்.

குறை இல்லாம இல்ல. நோக்கியாவுல சிம்மைக் கழட்டிட்டா நம்ம எஸ்எம்எஸ் போய்ச் சேராது. ஆனா அந்த ஏற்பாட்டுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், அதை எழுபது வயசு ஆளுக்கும் சொல்லிக் கொடுத்துரலாம். "தொலைஞ்சா இந்த வார்த்தையை இந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லு", அவ்வளவுதான் பாடம்.

ஆண்ட்ராய்டு வந்த பிறகும் கொஞ்ச காலம் எஸ்எம்எஸ் கட்டளையில பூட்டுற, இடம் காட்டுற ஆப்கள் நிறைய இருந்துச்சு. ஆனா எஸ்எம்எஸ்ஸைப் படிக்கிற அனுமதியை வச்சு ஓடிபி திருடுற ஆப்களும் பெருகிருச்சு. 2018 அக்டோபர்ல கூகுள் அந்த அனுமதிக்குக் கடிவாளம் போட்டுச்சு. பல ஆப்கள்ல எஸ்எம்எஸ் வசதி அதோட போச்சு. கடிவாளம் சரிதான். ஆனா அதுக்குப் பதிலா வந்தது எல்லாம் கணக்கு, பாஸ்வேர்ட், டேட்டான்னு நம்ம தலைமுறைக்குத் தைச்ச சட்டை. அம்மாக்களுக்கு அளவு எடுக்கவே இல்ல.

அன்னைக்கு ராத்திரிக்கு வர்றேன். முதல் வேலையா சிம்மை முடக்கச் சொல்லி கம்பெனிக்குப் போன். "சிம் யார் பேர்ல இருக்கு சார்?" அப்பா பேர்ல. "அவர்கிட்ட கொடுங்க." எப்படிக் கொடுக்க? அப்பா பிறந்த தேதி, முகவரி எல்லாம் சொல்லி முக்கால் மணி நேரத்துல முடக்கினாங்க. அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். அப்புறம் பேங்குக்குப் போன்.

மறுநாள் காலையில போலீஸ் ஸ்டேஷன். உடைஞ்ச இந்தியில நான் பேச, எழுத்தர் பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார். ஐஎம்இஐ நம்பர் என்ன? அது அட்டைப்பெட்டியில இருக்கு. பெட்டி திருநெல்வேலியில, சாமி ரூம் பரண்ல, பழைய பித்தளைப் பாத்திரத்துக்குப் பின்னாடி. பக்கத்து வீட்டு அக்கா சாவி வாங்கி, ஏறி, தேடி, போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு.

ஏன் அந்த நம்பர் முக்கியம்? சிம் மாறும், ஐஎம்இஐ மாறாது (அதை மாத்துறது குற்றம்). 2019 செப்டம்பர்ல மும்பையில சோதனையா தொடங்கின 'சியர்' பதிவேடு, 2023 மே மாசம் சஞ்சார் சாத்தி தளம் வழியா நாடு முழுக்க வந்துச்சு. அதுல ஐஎம்இஐயைக் கொடுத்துப் பதிஞ்சா, எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் அந்தப் போன்ல சிக்னல் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தா போலீஸுக்குத் தகவல் போகும். தெலங்கானா போலீஸ் இதை வச்சுப் போன்களை மீட்கிறதுல நாட்டுலயே முன்வரிசையில இருக்காங்க. அதுல எனக்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமை உண்டு.

ஆனா நாமளே அந்தத் தளத்துல பதியணும்னா புகார் நகலோட, தொலைஞ்ச நம்பருக்கு டூப்ளிகேட் சிம்மும் வேணும், ஏன்னா ஓடிபி அதுக்குத்தான் வரும். டூப்ளிகேட் சிம் போட்டாலும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வச்ச விதி, நியாயமான விதி. எங்க கதையில சிக்கல் வேற. இங்க கடையில கேட்டா, "இது தமிழ்நாட்டு சிம், அங்கதான் வாங்கணும்." அங்க கேட்டா, "பேர்ல இருக்கிறவர் நேர்ல வரணும்." இறப்புச் சான்றிதழ், அம்மா ஆதார், எங்க கையெழுத்து எல்லாம் கொண்டு போய் முதல்ல பேர் மாத்தணும். பொங்கல் வரைக்கும் இங்க இருக்கிறதா வந்த அம்மா, பத்தாம் நாள் ரயில் ஏறினாங்க. சாம்பார் வாசனை வந்துக்கிட்டிருந்த வீட்டுல மறுபடி ஸ்விகி.

இதுல யார் மேல கோவப்படறது? விதி ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. ஆனா எல்லா விதியும், போனை வாங்கினவர், சிம்முக்குச் சொந்தக்காரர், பயன்படுத்துறவர் மூணு பேரும் ஒரே ஆள், அதுவும் சொந்த மாநிலத்துலயே இருக்கிற ஆள்னு நினைச்சு எழுதினது. நம்ம குடும்பங்கள் அப்படியா இருக்கு? போன் மகன் வாங்கினது, சிம் அப்பா பேர்ல, மெயில் ஐடி கடைக்காரர் உபயம், பேசுறது அம்மா, தொலைஞ்சது வேற மாநிலத்துல. எந்த மாநிலத்துலயும் டூப்ளிகேட் சிம் வாங்கலாம்னு ஒரு ஏற்பாடு எல்லாக் கம்பெனியும் செய்யலாம். ஆதார் கைரேகை இந்தியா முழுக்க ஒண்ணுதானே?

தங்கமணி ஒரு யோசனை சொன்னாங்க. அத்தையோட புது போன்ல லொகேஷன் ஷேரிங் போட்டு வச்சா எப்பவும் எங்க இருக்காங்கன்னு தெரியுமே. அம்மா கேட்டுட்டு, "நான் என்ன ஆட்டுக்குட்டியா, கழுத்துல மணி கட்டி மேய விட?"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவங்க சொல்றது சரி. போனைப் பூட்டுறது வேற, போன் வச்சிருக்கிறவங்களைக் கண்காணிக்கிறது வேற. அந்த நோக்கியா எஸ்எம்எஸ் பூட்டினதோட சரி, வேவு பார்க்கல.

2025 டிசம்பர்ல சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புதுப் போன்லயும் கட்டாயம் போட்டே விக்கணும்னு அரசாங்கம் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே கட்டாயத்தை வாபஸ் வாங்கினதும் இதனாலதான். பூட்டு நல்லதுதான், ஆனா நானா வாங்கி மாட்டணும். அப்படி வாய் கிழியப் பேசுற நாம, நாமளா மாட்டுறோமான்னா, அதுதான் இல்ல.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அல்வா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க.

பெத்தவங்க சிம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. இறந்தவர் பேர்ல இருந்தா இப்பவே மாத்துங்க. *#06# போட்டு ஐஎம்இஐயைப் பார்த்து உங்க டைரியிலயும் எழுதி வைங்க. ஸ்க்ரீன் லாக் போடுங்க, பேட்டர்ன் மறக்கும்னா கைரேகை வைங்க. சிம்முக்கும் நாலு இலக்கப் பின் போடுங்க, சிம்மை வேற போன்ல மாத்திப் போட்டாலும் ஓடிபி கிடைக்காது. கூகுள் கணக்கு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, மீட்பு நம்பரா உங்க நம்பரைக் கொடுங்க. ஆண்ட்ராய்டு 10க்கு மேலன்னா 'திருட்டுப் பாதுகாப்பு' பகுதியில ரிமோட் லாக்கை இயக்கி வைங்க. 2024ல வந்த வசதி. போன்ல நெட் இருந்தா, பாஸ்வேர்ட் இல்லாம வெறும் போன் நம்பரை வச்சே ஸ்க்ரீனைப் பூட்டலாம். இடம் காட்டாது, பூட்ட மட்டும் செய்யும். பழைய நோக்கியாவோட பேரன்னு வச்சுக்கலாம்.

போன் தொலைஞ்ச பிறகு "உங்க போன் கிடைச்சிருச்சு, இந்த லிங்க்கைத் தொடுங்க"ன்னு எஸ்எம்எஸ் வந்தா தொடவே தொடாதீங்க. பூட்டைத் திறக்க பாஸ்வேர்ட் பிடுங்குற வேலை அது. மேப்ல இடம் தெரிஞ்சாலும் தனியா போய்க் கதவைத் தட்டாதீங்க, போலீஸ்கிட்ட சொல்லுங்க.

எங்க போன் இதுவரைக்கும் கிடைக்கல. நம்பர் கிடைச்சிருச்சு, அம்மா பேர்லயே. போன வாரம் சமைச்சுக்கிட்டு இருக்கும்போது அடிச்சுச்சு. ஸ்க்ரீன்ல 'அப்பா'. எடுத்தா, "எய்யா, புதுப் போன்ல உன் குரல் நல்லா கேக்குது"ன்னாங்க.

டிஸ்கி: பழைய போன் வாங்கப் போறவங்க, கே, ஒய், எம்னு மூணு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, 15 இலக்க ஐஎம்இஐ, இதை 14422க்கு எஸ்எம்எஸ் பண்ணிப் பாருங்க. நீங்க வாங்குறது யாரோ ஒரு அம்மாவோட போனா இருக்கலாம்.