ஆலோசகரின் அறிவும் ஆட்சியாளரின் மனமும்

ஒரு நாட்டில் அதிகாரம் எங்கே குடிகொண்டிருக்கிறது என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசியலமைப்பைப் படிப்பது. மற்றொன்று, பிரதேச செயலகத்தின் வரிசையில் நிற்பது. மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த போன்ற பிரதேசங்களில் வாழும் தமிழ் பேசும் குடிமக்களுக்கு இரண்டாவது வழியே பழக்கமானது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிவாரணம், வீதி விளக்கு என்று எதற்காகச் சென்றாலும், தம் மொழியில் பேசித் தமக்குரியதைப் பெற முடிகிறதா என்பதே அவர்களது அளவுகோல். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதிகாரப் பரவலாக்கல் பற்றிய நமது நீண்டகால விவாதத்தை மதிப்பிட வேண்டும்.

அந்த விவாதத்தை வகுப்பறையிலும் ஆட்சியாளரின் அருகிலும் இருந்து பார்த்த அறிஞர் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன். பேராதனையில் அரசறிவியல் துறையின் முதற் பேராசிரியராக விளங்கியவர் அவர். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் இணைந்து, அங்கேயே தமது ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். இலங்கையின் தேர்தல்களையும் அரசியலமைப்புகளையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் உலகெங்கும் அத்துறை மாணவரின் பாட நூல்களாயின. தந்தை செல்வா என மக்கள் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மருமகன் என்பது அவருக்கிருந்த மற்றுமோர் அடையாளம்.

1978 இல் இரண்டாவது குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் நம்பத்தகுந்த ஒருவர் தேவைப்பட்டார். 1977 பொதுத் தேர்தலில் 18 ஆசனங்களைப் பெற்ற கூட்டணியின் தலைவர் அ. அமிர்தலிங்கம் அப்போது எதிர்க்கட்சித் தலைவர். இரு தரப்பாரோடும் பேசக்கூடிய வில்சன் 1978 முதல் 1983 வரை ஜனாதிபதியின் அரசியலமைப்பு ஆலோசகராகவும் இடைத்தரகராகவும் செயற்பட்டார். முன்னாள் பிரதம நீதியரசர் விக்டர் தென்னக்கோன் தலைமையில் 1979 இல் அமைந்த அபிவிருத்திச் சபைகள் பற்றிய ஆணைக்குழுவில் அவரும் கலாநிதி நீலன் திருச்செல்வமும் அங்கம் வகித்தனர்.

அதன் விளைவாக எழுந்ததே 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம். நாட்டின் 24 மாவட்டங்களுக்கும் சபைகள் வந்தன, மாத்தளைக்கும் வந்தது. 1957 இன் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கையும் 1965 இன் டட்லி - செல்வநாயகம் உடன்படிக்கையும் எழுத்தோடு நின்றுபோன நிலையில், இம்முறை சட்டமே நிறைவேறியது என்பது கவனிக்கத்தக்க முன்னேற்றம்தான். ஆனால் சபையின் நிறைவேற்றுக் குழுவில் மேலோங்கி நின்றவர் மாவட்ட அமைச்சர். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. சபைக்கு வேண்டிய நிதியோ கொழும்பின் தயவில் இருந்தது. சபை மாவட்டத்துக்கு வந்தது. சாவி தலைநகரிலேயே இருந்தது.

1981 ஜூன் 4 இல் நடைபெற்ற சபைத் தேர்தலுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தவற்றை யாரும் மறக்க முடியாது. ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த பொது நூலகம் மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் எரிந்து சாம்பலாயிற்று. சமரசத் திட்டம் ஒன்றுக்கான தேர்தல் நாட்களிலேயே அந்தச் சமரசத்தின் மீதான நம்பிக்கையும் எரிந்தது. 1983 ஜூலை வன்செயல்களுடன் ஆலோசகரின் பணியும் முடிவுக்கு வந்தது. 1988 இல் வெளியான தமது நூலுக்கு 'இலங்கையின் உடைவு' என்ற பொருள்படும் தலைப்பை வில்சன் சூட்டினார். ஒற்றுமைக்கு ஆலோசனை கூறச் சென்ற ஆசிரியர், உடைவின் வரலாற்றை எழுத நேர்ந்தது. 2000 ஆம் ஆண்டில் அவர் கனடாவில் காலமானார்.

வில்சனின் வாழ்விலிருந்து சிலர் எடுக்கும் முடிவு, கல்விமான்கள் அரசாங்கத்தை நெருங்கவே கூடாது என்பது. அது அவசரமான முடிவு. முஸ்லிம் சமூகத்தின் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் எதிர்த்திசையில் பயணித்தவர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், கல்முனையில் நிர்வாகியாகக் கடமையாற்றிய காலத்திலேயே கல்விப் பணியில் ஈடுபட்டார். 1948 இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். பின்னர் செனட் சபையிலும் குரல் கொடுத்தார். அவர் விட்டுச்சென்றவை நிறுவனங்களும் புலமைப்பரிசில் நிதியும் படித்த ஒரு தலைமுறையும். ஆட்சியாளரின் மனம் மாறினாலும் அவை நிலைத்தன. ஆலோசனை அதைக் கேட்பவரின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது. நிறுவனமோ தன் காலில் நிற்கிறது. இருவரது வாழ்வையும் ஒப்பிடுகையில் கிட்டும் பாடம் இதுவே.

இந்தப் பாடம் யட்டவத்தைக்கு எவ்வகையில் பொருந்துகிறது? 2012 கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் அம்மாவட்டத்தில் சிதறி வாழ்கின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் மாகாண அதிகாரம் என்பது சிறுபான்மையினர் தாமே ஆளும் வாய்ப்பு. மாத்தளையில் அது அவ்வாறன்று. இங்கு எந்தச் சபை வந்தாலும் பெரும்பான்மை மாறப்போவதில்லை. ஆகவே இம்மக்களுக்கு வேண்டுவது ஆளும் அதிகாரத்தைக் காட்டிலும், ஆளப்படும்போது மதிக்கப்படும் உத்தரவாதமே. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும் தலைவர்கள் அடிக்கடி மறந்துவிடும் வேறுபாடு இது.

அந்த உத்தரவாதம் எழுத்தில் இல்லாமலில்லை. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய உரிமைகளை விரிவாக்கியது. 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. 1992 இன் 58 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளருக்கு அதிகாரங்களை மாற்றிக் கொடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. ஆனால் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத அலுவலகத்தில் திருத்தம் என்ன செய்யும்? மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநரின் கீழ் மாகாண நிர்வாகம் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தலும் நெடுங்காலம் பிற்போடப்பட்டு 2025 மே 6 ஆம் திகதியே நடைபெற்றது. சபையைத் தந்துவிட்டுத் தேர்தலைத் தராமலிருப்பதும், 1980 இல் சபையைத் தந்து சாவியை வைத்துக்கொண்டதும் ஒரே மனப்பாங்கின் இரு வடிவங்களே.

எனவே அரசாங்கம் முதலில் செய்ய வேண்டியது, மாகாண சபைத் தேர்தலை உரிய காலத்தில் நடத்தும் ஒழுங்கை நிலைநாட்டுவது. அடுத்தது, தமிழ் பேசுவோர் சிறு தொகையினராக உள்ள பிரதேசங்களிலும் அவர்களது மொழியில் கருமமாற்றக்கூடிய உத்தியோகத்தரை நியமிப்பது. இதற்குப் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நமது சமூகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தமிழ் மொழிமூலம் உயர்தரக் கலைப் பிரிவில் அரசறிவியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பலர். பிரித்தானிய, அமெரிக்க அரசியலமைப்புகளின் பண்புகளைப் பட்டியலிடத் தெரிந்த மாணவன், தன் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தைக் கண்டதுண்டா? தகவல் கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதப் பழகியதுண்டா? பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் சனசமூக நிலையங்களும் இப்பயிற்சியை ஆசிரியர்களின் துணையோடு இன்றே தொடங்கலாம்.

ஜனாதிபதியின் செவிக்கு அருகில் ஓர் அறிஞர் இருந்தும் 1981 இன் சபைகள் வெறுங்கூடாகவே போயின. யட்டவத்தையிலும் அதையொத்த நூறு பிரதேசங்களிலும் தம் உரிமையைச் சட்டத்தின் பெயரும் ஆண்டும் சொல்லிக் கேட்கத் தெரிந்த மக்கள் இருப்பார்களாயின், அடுத்த சபையை அவ்வளவு எளிதில் வெறுமையாக்கிவிட எவராலும் இயலாது.