பத்துக் கோடி டாலரும் ஒரு பழைய ஸோபாவும்

விருந்தில் சாம்பார் சற்று நீர்த்துப் போயிருந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. கறியில் உப்புக் குறைந்தாலும் மன்னித்து விடுகிறார்கள். ஆனால் கடைசியில் வருகிற மோர் புளித்திருந்தால் மட்டும், கை அலம்பிய பிறகும் நாக்கில் அந்தப் புளிப்புத்தான் நிற்கும். "சாப்பாடு எப்படி?" என்று கேட்பவர்களிடமெல்லாம் மோரைப் பற்றியே சொல்லத் தோன்றும்.

பல வருஷ காலம் நடக்கும் டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர்களின் கதியும் ஏறக்குறைய இதுதான். 1988-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் ஆரம்பமாகி, 1997-ம் வருஷம் மே மாதத்தில் முடிவடைந்த "ரோஸான்" என்னும் தொடர் இதற்கு நல்ல உதாரணம். அந்தத் தேசத்தில் இத்தகைய தொடர்களை ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் தொடங்கி, மறு வருஷ வசந்தத்தில் நிறுத்துவார்கள். அதற்குப் "பருவம்" என்று பெயர். "ரோஸான்" ஒன்பது பருவங்கள் நடந்தது. முதல் எட்டுப் பருவங்களை வாயாரப் புகழ்கிறவர்கள் கூட, ஒன்பதாவது பருவத்தின் பேச்சை எடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அப்படிச் சுளிப்பது நியாயந்தானா என்று இந்த வாரம் பார்க்கலாம்.

இல்லினாய் மாகாணத்தில் லான்ஃபோர்ட் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே கானர் குடும்பம் வசிக்கிறது. குடும்பத் தலைவியின் பெயர் ரோஸான். தமது சொந்தப் பெயரையே பாத்திரத்துக்கும் கொடுத்து நடித்தவர் ரோஸான் பார். அவளுடைய புருஷன் டான், வீடுகளுக்கு உட்சுவர் பலகை பொருத்துகிற தொழிலாளி. ஜான் குட்மன் என்னும் ஆஜானுபாகுவான நடிகர் அந்த வேஷத்தில் வருகிறார். பெக்கி, டார்லீன் என்று இரண்டு பெண்களும், ஒரு பிள்ளையும், எப்போது பார்த்தாலும் வந்து நிற்கும் தங்கை ஜாக்கியும் வீட்டை நிரப்புகிறார்கள். நடுக்கூடத்தில் ஒரு பழைய ஸோபா. அதன் முதுகில் பின்னல் வேலை செய்த போர்வை.

அக்காலத்து அமெரிக்கத் தொடர்களில் குடும்பங்களுக்கு எத்தனையோ கஷ்டங்கள் வரும். பணக் கஷ்டம் மட்டும் அநேகமாக வராது. அப்போது கொடிகட்டிப் பறந்த "காஸ்பி ஷோ"வில் தகப்பனார் டாக்டர், தாயார் வக்கீல். கானர் வீட்டிலோ, எந்தப் பாக்கியை இந்த மாதம் கட்டலாம், எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்பதே ஓயாத பேச்சு. ரோஸான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மேற்பார்வையாளனின் கெடுபிடி பொறுக்காமல், முதல் பருவத்தின் முடிவில் தோழிகளுடன் வெளியேறினாள். அப்புறம் அழகு நிலையத்தில் தரை பெருக்கினாள். சிற்றுண்டிச் சாலையில் பரிமாறினாள். டான் மோட்டார் சைக்கிள் கடை வைத்து நொடித்துப் போனான். கலாசாலைப் படிப்புக்குப் பணமில்லை என்று தெரிந்ததும் மூத்த பெண் பெக்கி, யாரிடமும் சொல்லாமல் தன் காதலனை மணந்து கொண்டு ஊரை விட்டுப் போனாள். ஒரு சமயம் பணம் கட்டாததால் வீட்டு மின்சாரத்தையே வெட்டி விட்டார்கள்.

இவ்வளவையும் வைத்துக் கொண்டு சிரிக்கப் பண்ணினார்கள் என்பதுதான் ஆச்சரியம். 1989-90 பருவத்தில் "ரோஸா"னும் "காஸ்பி ஷோ"வும் சரிசமமாக முதல் ஸ்தானத்தில் நின்றன. டாக்டர் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்ட ஜனங்கள், கானர் வீட்டைப் பார்த்துத் தங்கள் வீட்டையே அடையாளம் கண்டு கொண்டார்கள் போலும்!

இந்தக் குடும்பத்துக்குத்தான் 1996-ம் வருஷம், ஒன்பதாவது பருவத்தின் தொடக்கத்தில், லாட்டரியில் 10 கோடியே 80 லட்சம் டாலர் விழுந்தது. அவ்வளவுதான், மின்சாரப் பாக்கியுடன் கதையும் போய் விட்டது. ரோஸான் சீமாட்டிகளின் கூட்டத்தில் கலந்து கொண்டாள். ஒரு வாரம் ரயில் வண்டியில் பயங்கரவாதிகளை எதிர்த்துத் தன்னந்தனியாகப் போர் புரிந்தாள். எட்டு வருஷமாக அவளை நம்பியவர்கள், "இது யார் வீட்டுக் கதை?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பருவத்தைச் சமீபத்தில் எங்கள் வீட்டில் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். பணம் படுத்துகிற பாட்டை நான் விமரிசனம் செய்து கொண்டிருந்தேன். என் மனைவி கையிலிருந்த தையலிலிருந்து தலை நிமிராமலே, "அதெல்லாம் இருக்கட்டும். அந்த மனுஷரை எங்கே காணோம்?" என்றாள்.

"தாயாரைப் பார்த்துக் கொள்ளக் கலிபோர்னியாவுக்குப் போயிருக்கிறார். அங்கே வேறொரு பெண்ணிடம் மனம் போய் விட்டதாம்."

"அது கதையில் சொல்வது. எனக்கென்னவோ அது புருஷன் இல்லாத வீடு மாதிரிதான் இருக்கிறது."

நான் சிரித்தேன். ஆனால், 1997-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ஒளிபரப்பான கடைசிக் கதையைப் பார்த்து முடித்தபோது, நான்தான் அசடனானேன். டார்லீனின் குழந்தை வீட்டுக்கு வந்திருக்கிறது. எல்லோரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிச் சிரிக்கிறார்கள். அப்போது ரோஸானின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. லாட்டரி விழவேயில்லை. முந்திய பருவத்தில் டான் மாரடைப்பு வந்து பிழைத்தான் அல்லவா? உண்மையில் அவன் பிழைக்கவில்லை. நாம் பார்த்ததெல்லாம், விதவையான ரோஸான் நிலவறையில் உட்கார்ந்து எழுதிய கதை. அவன் தன்னை விட்டுச் சென்றது துரோகம் செய்தது போலிருந்ததால், கதையில் அவனை வேறொருத்தியிடம் போகச் செய்தாளாம். எழுதி முடித்து விட்டு, படியேறி இருட்டுக் கூடத்துக்கு வந்து, அந்தப் பழைய ஸோபாவில் தனியாக உட்காருகிறாள். தொடர் முடிகிறது.

இந்தக் கடைசி நிமிஷங்கள் மிக உயர்ந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழை ஒருத்தி எவ்வளவு வேண்டுமானாலும் பணத்தைக் கற்பனை செய்து கொள்ளலாம். போன மனிதனைக் களங்கமில்லாமல் கற்பனை செய்ய அவளால் முடியவில்லை. துக்கத்தின் இயல்பு அறிந்தவர்களால்தான் இப்படி எழுத முடியும்.

ஆனாலும் முகம் சுளித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். "மோர் புளித்ததற்குக் காரணம் உண்டு" என்று சமையற்காரர் கண்ணீருடன் சொன்னால் மனம் இளகும்; அதற்காக மோர் தித்தித்து விடாது. அதைவிடப் பெரிய குறையும் ஒன்று இருக்கிறது. "இந்த மாதம் எப்படிக் கழியும்?" என்ற கேள்விதான் எட்டு வருஷமும் இந்தத் தொடருக்கு உயிராயிருந்தது. சம்பாதிக்கிற புருஷன் போய் விட்ட வீட்டில் முதல் மாதம் எப்படிக் கழிந்தது? வீட்டுக் கடனை யார் கட்டினார்கள்? அதைச் சொல்ல இவர்களை விடத் தகுதியுள்ளவர்கள் அமெரிக்காவில் இல்லை. ஒரு பருவம் முழுவதும் சொல்லியிருக்க வேண்டிய கதையைச் சில நிமிஷங்களில் சொல்லி விளக்கை அணைத்து விட்டார்கள்.

இதற்குப் பின்னால் நடந்தது விந்தையிலும் விந்தை. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் தொடருக்கு மறுபிறவி கிடைத்தது; டானும் சாகாதவனாகவே எழுந்து வந்தான். அதே வருஷம் மே மாதம், முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் ஆலோசகராயிருந்த ஒரு பெண்மணியைப் பற்றி ரோஸான் பார் இன இழிவாக எழுதியதற்காக, ஏ.பி.ஸி. கம்பெனியார் தொடரை நிறுத்தி விட்டார்கள். அக்டோபரில் "கானர்ஸ்" என்ற பெயரில் அவரில்லாமலே குடும்பம் திரும்பி வந்தது. வலிக்கு உட்கொண்ட மாத்திரைகள் அளவு மீறியதால் ரோஸான் இறந்து விட்டதாகக் கதை. முன்னே மனைவி அழுதாள். இப்போது புருஷனின் முறை.

"கானர்ஸ்" 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் முடிந்தது. ரோஸானின் சாவுக்காக மருந்துக் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்த குடும்பத்துக்குக் கடைசியில் நஷ்ட ஈடு கிடைத்தது. எவ்வளவு தெரியுமா? 700 டாலர். அதைக் கேட்டதும் என் மனைவி தையலைக் கீழே வைத்து விட்டு, "இதுதான் அவர்கள் வீடு" என்றாள்.