பார்மட் செய்யாமல் மாற்றலாம். பேக் அப் எடுக்காமல் மாற்றக் கூடாது

"எல்லாத்தையும் பார்மட் பண்ணினாத்தான் சார் சரியாகும்." கம்ப்யூட்டரை சர்வீசுக்குக் கொண்டு செல்லும் பலரும் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பின்னர் இதை இன்னும் அதிகமாகக் கேட்க முடிகிறது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டும் என்று சென்றால், "உங்க டிஸ்க் பழைய எம்.பி.ஆர். முறையில் இருக்கு, ஜி.பி.டி. ஆக்கணும், அதனால எல்லாம் அழியும்" என்கிறார்கள். இதில் முதல் பாதி உண்மையாக இருக்கலாம். "அதனால எல்லாம் அழியும்" என்பதுதான் உண்மை இல்லை.

பைல்கள் அழியாமல் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பை மாற்ற முடியும். அதற்கான புரோகிராம் விண்டோஸ் சிஸ்டத்திலேயே இலவசமாக இருக்கிறது. ஆனால், "அழியாது" என்ற சொல்லை நம்பி பேக் அப் எடுக்காமல் இறங்குவதும், தேவையே இல்லாமல் மாற்றுவதும், கண்ணை மூடிக் கொண்டு பார்மட் செய்வதைப் போலவே தவறு. இதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

நிலம் வேறு, பதிவேடு வேறு

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு பெரிய நிலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். சி டிரைவ், டி டிரைவ் என்பவை அதில் பிரிக்கப்பட்ட மனைகள். எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடுதான் பார்ட்டிஷன் டேபிள். எம்.பி.ஆர். என்பது 1983ல் டாஸ் காலத்தில் வந்த பழைய பதிவேடு. இதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மட்டுமே இடம் உண்டு. வழக்கமான டிஸ்க்குகளில் 2 டெராபைட் வரை மட்டுமே இதனால் கணக்கு வைக்க முடியும். ஜி.பி.டி. என்பது புதிய பதிவேடு. விண்டோஸில் 128 பார்ட்டிஷன்கள் வரை வைத்துக் கொள்ளலாம். டிஸ்க்கின் முடிவிலும் ஒரு நகல் இருக்கும் என்பதால், முதல் பிரதி கெட்டாலும் மீட்க வழி உண்டு.

எம்.பி.ஆர். முறையிலிருந்து ஜி.பி.டி.க்கு மாறும்போது பதிவேடுதான் புதிதாக எழுதப்படுகிறது. நிலத்தில் கட்டிய வீடு, அதாவது உங்கள் பைல்கள், இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் பார்மட் இல்லாமல் இது சாத்தியமாகிறது. ஆனால் பதிவேட்டைத் திருத்தும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனாலோ, டிஸ்க்கில் ஏற்கனவே பழுது இருந்தாலோ, வீடு இருந்தும் பட்டா இல்லாத நிலை வந்துவிடும்.

ஒரே சொல், மூன்று வேலைகள்

புதியவர்கள் ஏமாறும் இடம் "கன்வர்ட்" என்ற சொல். விண்டோஸில் இந்தப் பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, ஃபேட் 32 பைல் சிஸ்டத்தை என்.டி.எப்.எஸ். ஆக மாற்றும் கன்வர்ட் கட்டளை. இதில் பைல்கள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, எம்பிஆர்2ஜிபிடி என்னும் புரோகிராம். 2017ல் வந்த விண்டோஸ் 10, 1703 பதிப்பிலிருந்து இது உடன் வருகிறது. விண்டோஸ் பூட் ஆகும் டிஸ்க்கை, பைல்களை அழிக்காமல் ஜி.பி.டி. ஆக மாற்றும்.

மூன்றாவது, டிஸ்க்பார்ட் புரோகிராமிலும், டிஸ்க் மேனேஜ்மென்ட் விண்டோவிலும் உள்ள கன்வர்ட். இது காலி டிஸ்க்கில் மட்டுமே வேலை செய்யும். எனவே இதைச் சொல்லித் தருபவர்கள், அதற்கு முன் "கிளீன்" என்று ஒரு கட்டளை கொடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டளை டிஸ்க்கில் உள்ள எல்லா பார்ட்டிஷன்களையும் நீக்கிவிடும். "நிச்சயமாகவா?" என்று ஒரு முறை கூடக் கேட்காது. என்டர் தட்டினால் முடிந்தது.

யாரோ சொன்ன குறிப்பை வைத்து வேலை செய்பவர்கள், இரண்டாவதைச் செய்வதாக நினைத்து மூன்றாவதைச் செய்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. எந்தக் குறிப்பிலாவது "கிளீன்" என்ற சொல்லைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது உங்களுக்கான குறிப்பு அல்ல.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

விண்டோஸ் 11 போடப்பட்டே வந்த புதிய லேப்டாப் வாங்கியவருக்கு இந்த வேலையே இல்லை. அதன் டிஸ்க் ஏற்கனவே ஜி.பி.டி.தான்.

மிகப் பழைய கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் இது பெரும்பாலும் பயன் தராது. விண்டோஸ் 11க்கு ஜி.பி.டி. மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 வேண்டும், பட்டியலில் உள்ள ப்ராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். 4ஆம் தலைமுறை ப்ராசசர் உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாற்றி என்ன பயன்? மைக்ரோசாப்ட் தரும் பிசி ஹெல்த் செக் புரோகிராமை முதலில் இயக்கிப் பாருங்கள். ப்ராசசர் தகுதி பெறவில்லை என்று அது சொன்னால், டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

பிறகு யாருக்குத்தான் தேவை? 2018க்குப் பின் அசெம்பிள் செய்த, தகுதியான ப்ராசசர் உள்ள கம்ப்யூட்டரில், பழைய பழக்கத்தில் லெகசி முறையில் விண்டோஸ் பதிந்து கொடுத்திருப்பார்கள். ஹார்ட்வேர் புதியது, பதிவேடு மட்டும் பழையது. இவர்களுக்கு இந்த மாற்றம் உண்மையிலேயே ஒரு கம்ப்யூட்டரின் ஆயுளைக் கூட்டும்.

உங்களுடையது எது என்று அறிய, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கவும். கீழே "டிஸ்க் 0" என்று உள்ள பெட்டியில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் சென்று, வால்யூம்ஸ் டேபைக் கிளிக் செய்திடவும். "பார்ட்டிஷன் ஸ்டைல்" என்ற வரியில் பதில் இருக்கும்.

சி, டி, இ என்ற பழக்கம்

நம் ஊரில் அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டர்களில் சி, டி, இ, சில சமயம் எப் வரை டிரைவ்களைப் பிரித்துத் தருவது வழக்கம். எம்பிஆர்2ஜிபிடி பலருக்கு மறுக்கப்படுவது இதனால்தான். இந்த புரோகிராமுக்கு டிஸ்க்கில் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களே இருக்கலாம். எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. விண்டோஸ் தனக்கென ஒரு சிறிய பார்ட்டிஷனை எடுத்துக் கொள்ளும், சி இரண்டாவது, டி மூன்றாவது. அடுத்து இ டிரைவை உருவாக்கும்போது டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைத் தானாகவே லாஜிக்கல் ஆக்கிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தில் பச்சைக் கட்டத்திற்குள் டிரைவ் தெரிந்தால் அது எக்ஸ்டெண்டட் என்று அறியலாம்.

இப்படி மறுக்கும்போது ஒரு பிழைச் செய்தி வரும். அதைக் காட்டித்தான் "பார்த்தீங்களா, பார்மட்தான் வழி" என்பார்கள். இல்லை. இ டிரைவில் உள்ளவற்றை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி செய்து, சரிபார்த்த பின் அந்த டிரைவையும் அது இருந்த எக்ஸ்டெண்டட் பகுதியையும் நீக்கினால், பெரும்பாலும் வழி திறந்துவிடும். சி டிரைவில் உள்ள விண்டோஸும், புரோகிராம்களும், செட்டிங்ஸும் அப்படியே இருக்கும்.

இந்த புரோகிராமில் "வாலிடேட்" என்று ஒரு சோதனை முறை உண்டு. இது எதையும் மாற்றாது. மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். சோதிக்காமல் நேராக மாற்றத்தில் இறங்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மாற்றம் முடிந்ததும், மதர்போர்டு செட்டிங்ஸில் லெகசி என்பதை யு.இ.எப்.ஐ. என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. திரை கருப்பாக இருப்பதைப் பார்த்து, எல்லாம் போய்விட்டது என்று பயந்து, அந்த நேரத்தில் பார்மட் செய்துவிடுபவர்கள் உண்டு. பைல்கள் பத்திரமாக இருக்க, பதற்றத்தால் அழிவது இப்படித்தான்.

டி டிரைவ் பேக் அப் அல்ல

"முக்கியமானதெல்லாம் டி டிரைவில் வைத்திருக்கிறேன், பயமில்லை" என்று சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். விண்டோஸ் கெட்டு சி டிரைவை மட்டும் பார்மட் செய்யும்போது இந்தப் பழக்கம் உதவியது. அதனால் இது ஒரு நம்பிக்கையாகவே ஊறிவிட்டது. ஆனால் சி, டி, இரண்டும் ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். பீரோவே போனால் இரண்டு தட்டும் போகும். பார்ட்டிஷன் டேபிளைத் திருத்தும் வேலையில் ஆபத்து ஒரு தட்டுக்கு அல்ல, முழு பீரோவுக்கு.

எனவே பேக் அப் என்றால் வேறு ஒரு டிஸ்க். எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டால் நண்பரிடம் இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். டாகுமெண்ட்ஸ் போல்டரோடு நிறுத்தாமல் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போட்டோக்கள், கடை நடத்துபவர் என்றால் டேலி டேட்டா போல்டர், பிரவுசரின் புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் எடுங்கள். காப்பி முடிந்ததும், எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக் அப்பை நம்ப முடியாது.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். டெஸ்க்டாப் என்றால் வேலை செய்யும் யு.பி.எஸ். அவசியம். லேப்டாப் என்றால் பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகி, சார்ஜரும் செருகப்பட்டிருக்க வேண்டும்.

பென் டிரைவ் விஷயத்தில் தலைகீழ்

இதுவரை பார்மட் வேண்டாம் என்று வாதாடிவிட்டு, ஓரிடத்தில் மட்டும் பார்மட்டே மேல் என்று சொல்லப் போகிறேன். 10 ஜிபி வீடியோ பைலை 64 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்யப் போனால், இடம் இருந்தும் "பைல் மிகப் பெரியது" என்று செய்தி வருகிறதா? அந்த டிரைவ் ஃபேட் 32 முறையில் இருக்கிறது என்று பொருள். அதில் ஒரு தனி பைல் 4 ஜிபி அளவைத் தொட முடியாது.

கன்வர்ட் கட்டளை கொடுத்தால் பைல்கள் அழியாமல் இது என்.டி.எப்.எஸ். ஆகிவிடும். ஆனால் இது ஒரு வழிப் பாதை. மீண்டும் ஃபேட் 32க்கு வர பார்மட்தான் செய்ய வேண்டும். வீட்டு டிவியோ, கார் ஸ்டீரியோவோ என்.டி.எப்.எஸ். டிரைவைப் படிக்காமல் போகலாம். பென் டிரைவில் இருப்பது கொஞ்சம்தான். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்து, திரும்பக் காப்பி செய்வதே எளிது. பாட்டு கேட்க மட்டும் பயன்படும் டிரைவ் என்றால் ஃபேட் 32 அப்படியே இருக்கட்டும்.

கன்வர்ட் கட்டளை கைகொடுப்பது, காப்பி எடுத்து வைக்க வேறு இடமில்லாத அளவுக்கு நிரம்பிய பழைய எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளில்தான். அங்கும் கொஞ்சம் காலி இடம் தேவை. முதலில் செக்டிஸ்க் ஓட்டி பிழைகளைச் சரி செய்திடவும். இழக்கவே முடியாத போட்டோக்களையாவது வேறு இடத்தில் எடுத்து வைத்துக் கொள்ளவும்.

கடைக்காரரின் நியாயம்

சர்வீஸ் செய்பவர் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. பார்மட் செய்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரில், அல்லது வருடக் கணக்கில் குப்பை சேர்ந்த விண்டோஸில், புதிதாகப் பதிவதே நல்லது. டிஸ்க்கே பழுதாகி வருகிறது என்றால் கன்வர்ட் முயற்சியே ஆபத்து. உள்ளதைக் காப்பி செய்துவிட்டுப் புது டிஸ்க் போடுவதுதான் முறை.

ஆனால் நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டரிலும் பார்மட்டையே முதல் மருந்தாகக் கொடுப்பது அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, செலவு உங்களுடையது. மீண்டும் புரோகிராம்களைப் பதிய வேண்டும், பிரிண்டர் டிரைவர் தேட வேண்டும், மறந்துபோன பாஸ்வேர்டுகளோடு போராட வேண்டும். எங்கோ ஒரு போல்டரில் இருந்த குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோ, பேக் அப்பில் விடுபட்டிருந்தால் திரும்ப வராது.

எனவே கம்ப்யூட்டரை ஒப்படைக்கும் முன் கேளுங்கள்: "டிஸ்க் நல்லா இருக்கான்னு பார்த்தீங்களா? வாலிடேட் பண்ணிப் பார்த்தீங்களா? என்ன செய்தி வந்தது?" இதற்குப் பதில் சொல்பவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம். கேள்வியே புரியாதவரிடம், பேக் அப் எடுத்துவிட்டேன் என்ற நிம்மதியோடு மட்டும் கொடுங்கள்.

உங்களுக்கு இந்தக் கட்டளைகளை நீங்களே கொடுக்கத் தயக்கம் இருந்தால், கொடுக்க வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இன்றே செய்யக் கூடியவை இரண்டு உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து உங்கள் டிஸ்க் எந்த முறையில் உள்ளது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை இணைத்து போட்டோ போல்டரைக் காப்பி செய்யத் தொடங்குங்கள். டிஸ்க்கை மாற்றுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.