கால் பெரிதா? மூன்றில் ஒரு பங்கு பெரிதா?

"1/3 பெரிதா, 1/4 பெரிதா?"

நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "1/4தான் பெரிது" என்று பல பிள்ளைகள் பளிச்சென்று சொல்லும். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா? பிள்ளையின் நியாயம் அது. அதற்காகத் தலையில் குட்டாதீர்கள்.

பெரியவர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு.

அமெரிக்காவில் 1980-களில் நடந்தது இது. மெக்டொனால்டு கடையில் கால் பவுண்டு இறைச்சி வைத்த ரொட்டி நன்றாக விற்றது. 'ஏ அண்டு டபிள்யூ' என்ற கடைக்காரர்கள் போட்டிக்கு 1/3 பவுண்டு இறைச்சி வைத்தார்கள். விலை ஏறவில்லை. ஆனாலும் வியாபாரம் படுத்துவிட்டது!

விசாரித்தார்கள். "குறைந்த இறைச்சிக்கு அதே விலையா?" என்று பலர் நினைத்தார்களாம். நான்கைவிட மூன்று சின்னதாம்! முதலாளி ஆல்பிரட் டாப்மன், 2007-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

படம் போடுங்கள்

நம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பிலேயே "குறுக்கே பெருக்கு" என்கிறோம். விடை வரும். ஏன் வந்தது என்று தெரியாது. முதலில் படம் போட்டு வண்ணம் அடிக்க விட வேண்டும். சூத்திரம் பிறகு வரட்டும்.

வட்டம் வேண்டாம். வட்டத்தை மூன்று சம பங்காக வெட்டப் பெரியவர்களே திணறுவார்கள். கட்டம் போட்ட நோட்டு போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு படமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓட்டல் ரோஸ்டில் கால் பங்கு, வீட்டுச் சின்னத் தோசையில் பாதியைவிடப் பெரிதாக இருக்கலாம். அதனால் அரையைவிடக் கால் பெரிது என்று ஆகிவிடுமா?

2/3, 3/4 இரண்டில் எது பெரிது? வரிக்கு 4 கட்டமாக 3 வரி எடுங்கள். மொத்தம் 12 கட்டம். இதுபோல இரண்டு படம் வேண்டும். முதல் படத்தில் 2 வரிக்கு வண்ணம் அடித்தால், அது 2/3. எண்ணினால் 8 கட்டம். இரண்டாவது படத்தில் மேலிருந்து கீழாக உள்ள 4 பத்தியில் 3 பத்திக்கு அடித்தால், அது 3/4. எண்ணினால் 9 கட்டம். ஒரு கட்டம் கூடுதல்!

எண்ணாமலே சொல்லும் பிள்ளைகளும் உண்டு. வண்ணம் படாத இடத்தைப் பார்க்கிறார்கள். ஒன்றில் மிச்சம் 1/3. மற்றதில் மிச்சம் 1/4. மிச்சம் எதில் குறைவோ அதுதான் பெரிது என்று சொல்லிவிடுகிறார்கள்.