"நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க வேண்டாம்

கலாநிதி விக்கிரமபாகு கருணாரத்ன 2024 ஜூலை 25 ஆம் திகதி தனது 81 ஆவது வயதில் காலமானார். அன்று தொடக்கம் முகநூலைத் திறந்தால் அவரது படம்தான். "நேர்மையானவர்", "விலைபோகாதவர்", "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் பிரதிபண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்லது. இறந்தவரைப் பற்றி நல்லதைச் சொல்வது பண்பாடு. ஆனால் இந்தப் புகழாரங்களைத் தொடர்ந்து வாசிக்கும்போது நமக்கு ஒரு சந்தேகம் வருகிறது: மனிதரைப் புகழ்ந்துகொண்டே அவரது அரசியலையும் சேர்த்து அடக்கம் செய்கிறார்களா?

2010 ஜனாதிபதித் தேர்தலில் இவருக்கு முழு நாடும் கொடுத்த வாக்குகள் 7,055. நூற்றுக்கு 0.07. வாக்களிக்காதது யாருடைய குற்றமும் அல்ல, அது அவரவர் உரிமை. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் சொன்னது என்ன என்று ஒரு வரிகூட எழுதாமல் "நேர்மையானவர்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வது, நோயாளி மருந்தைக் குடிக்காமல் வைத்தியரின் கைராசியைப் புகழ்வது போன்றது.

அவர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்ற பொறியியலாளர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். வசதியாக வாழ்ந்து ஓய்வூதியம் எடுத்திருக்கலாம். சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோவின் கூட்டரசாங்கத்தில் கரைந்தபோது அதை எதிர்த்து வெளியே வந்தவர்களில் ஒருவர். நவ சமசமாஜக் கட்சி அப்படித்தான் பிறந்தது. அதே கட்சியில் உடனிருந்த வாசுதேவ நாணயக்கார பின்னர் ராஜபக்ஷ அரசாங்கத்தில் அமைச்சரானார். பாகு கடைசிவரை எந்த அமைச்சர் கதிரையிலும் உட்காரவில்லை. தமிழருக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று தெற்கில், சிங்களத்தில், சிங்கள மக்கள் முன்னால் நின்று சொன்னார். மாகாண சபைகளை ஆதரித்தவர்களை ஜே.வி.பி. துரோகிகள் என்று சுட்டுக்கொன்ற காலத்தில் இவரும் சுடப்பட்டார். உயிர் தப்பியவர் அதன் பிறகும் அதையே சொன்னார்.

இனி இரங்கல்களுக்கு வருவோம்.

முதலாவது, பெரிய இடத்து இரங்கல். 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஜூலை 25 ஆம் திகதி, பாகு இறந்த அதே திகதியில், வெலிக்கடைச் சிறைக்குள் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கொல்லப்பட்டார்கள். மொத்தம் 53 பேர். அப்போதைய ஐ.தே.க. அரசாங்கம் என்ன செய்தது? கலவரத்துக்கு இடதுசாரிகளே காரணம் என்று நவ சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, ஜே.வி.பி. மூன்றையும் தடை செய்தது. தமிழருக்காகப் பேசியவர்கள் மீதே தமிழரைக் கொன்ற பழி. அந்த அமைச்சரவையின் வாரிசுகள் இன்று இரங்கல் வெளியிடும்போது அந்தப் பொய்யை வாபஸ் வாங்கி ஒரு வரி எழுதியிருந்தால் நாமும் அந்த அறிக்கையை மரியாதையோடு வாசித்திருப்போம்.

இரண்டாவது, நம் தமிழ் பேசும் சமூகங்களின் இரங்கல். "ஒரு நல்ல சிங்களவர்", "நமக்காகப் பேசிய சிங்களவர்." பாராட்டுப் போலத் தெரியும் இதற்குள் ஓர் அவமதிப்பு இருக்கிறது. சிங்களவர் என்றால் பொதுவில் கெட்டவர், இவர் மட்டும் விதிவிலக்கு என்று அர்த்தமாகிறது. பாகு யாருக்கும் தயவு பண்ணவில்லை. தமிழரை அடக்கி வைக்கும் அரசு நாளை சிங்களத் தொழிலாளியையும் அடிக்கும் என்பதே அவரது கணக்கு. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 க்கும் அதிகமானோரை ஒரே அடியில் வேலையிலிருந்து துரத்திய அதே அரசுதான் மூன்று வருடத்தில் கறுப்பு ஜூலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கணக்குச் சரியா பிழையா?

மூன்றாவது, நமது சமூகத்துக்குள் வந்த பின்னூட்டங்கள். "நாத்திகருக்கு என்ன இரங்கல்?" என்று ஒரு கூட்டம். தம்மைக் கடந்து சென்ற யூதர் ஒருவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். காரணம் கேட்கப்பட்டபோது அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இந்த ஹதீஸை நாம் மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! முகநூலுக்கு வந்தவுடன் மறந்துபோகிறதா?

"அவர் புலிகளுக்காகப் பேசியவர், 1990 இல் வடக்கிலிருந்து நம்மை விரட்டியது யார்?" என்று இன்னொரு கூட்டம். அந்தக் காயம் உண்மை. ஒக்டோபர் மாதத்தில், சில இடங்களில் சில மணித்தியால அவகாசத்தில், உடுத்த உடையோடு விரட்டப்பட்டது நம் மக்கள்தான். அதை மறக்கச் சொல்லவோ மன்னிக்கச் சொல்லவோ எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஓர் ஆயுத இயக்கம் செய்த அநியாயத்துக்காக ஒரு முழுச் சமூகத்தின் உரிமையையே மறுக்கலாம் என்றால், 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமக்கு நடந்தது என்ன? சில கொலைகாரர்கள் செய்ததற்கு இருபது இலட்சம் பேர் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். கடைகளைப் பகிஷ்கரித்தார்கள். மினுவாங்கொடையில் எரித்தார்கள். அன்று நாம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. இன்று அதே நியாயத்தைத் தமிழருக்கு எதிராக எடுத்து வீசலாமா?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். 1979 இல் அது வந்தபோது "தமிழ்ப் பொடியன்களுக்குத்தானே" என்றார்கள். 2020 இல் அதே சட்டம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீமைத் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காக ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே வைத்தது. பாகு போன்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: அடுத்தவனுக்காகச் செய்த விலங்கு உன் கைக்கும் அளவாகத்தான் இருக்கும்.

நான்காவது, இடதுசாரி நண்பர்களின் கோபம். "கடைசியில் ரணிலோடு நின்றாரே!" நின்றார்தான். ராஜபக்ஷக்களின் இனவாதத்தைத் தடுக்க இதுவே வழி என்று நியாயமும் சொன்னார். அந்த நியாயம் நமக்கு உடன்பாடில்லை. உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று ஒத்திவைத்தது யாருடைய ஆட்சி? 2024 ஜூன் 26 ஆம் திகதி சம்பளம் கேட்டுக் கொழும்பு வீதிக்கு வந்த அதிபர், ஆசிரியர்கள் மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்தது யாருடைய பொலிஸ்? இதை அவர் உயிரோடு இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டிருப்போம். ஆனால் ஒரு முடிவு பிழை என்பதற்காக ஐம்பது வருடத்தை அழித்து எழுதுவதும் நேர்மையில்லை. அவரோடு வாதாடலாம். அவரைக் குப்பையில் போட முடியாது.

அவர் போன மறுநாளே ஜனாதிபதித் தேர்தல் திகதி வந்துவிட்டது. செப்டெம்பர் 21. அதே வாரத்தில்தான் கொவிட் காலத்தில் நம் ஜனாஸாக்களை எரித்ததற்கு மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. எரித்தபோது பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். அவர்கள் நம்மிடம் வாக்குக் கேட்டு வரவில்லை.

எனவே பாகுவின் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். நாளை உங்கள் ஊருக்கு வேட்பாளர் வருவார். பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சந்திப்பார், பிரியாணி சாப்பிடுவார், பாதை போட்டுத் தருவதாகச் சொல்வார். பாதையைக் கேளுங்கள், வேண்டாம் என்கவில்லை. அதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பீர்களா? வடக்கு கிழக்குத் தமிழருக்கு அதிகாரத்தைப் பகிர்வீர்களா, அதில் முஸ்லிம்களின் இடம் என்ன? மலையகத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்துக்கு என்ன செய்வீர்கள்? நமக்கு நேரடி இலாபமில்லாத கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்க மனமில்லை என்றால், தயவுசெய்து அந்தப் படத்தை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.