கறிவேப்பிலைக்குக் கத்தி வையுங்கள்



அலோர் காஜா, ஜாசின், மஸ்ஜித் தானா என்று மலாக்காவில் நம்மவர் வீடு எங்கிருந்தாலும் வாசலோரம் ஒரு கறிவேப்பிலை நிற்கும். தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்தபோது ஆடு மாடுகளை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட, வேரில் முளைத்த ஒரு கன்றைப் பெயர்த்துப் பழைய வாளியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் பல வீடுகளில் அந்தச் செடி இன்று ஒற்றைக் குச்சியாகக் கூரையைத் தாண்டிவிட்டது. கீழே மொட்டை, எட்டாத உயரத்தில் நாலு கொத்து. தாளிக்கிற அவசரத்தில் ஓடிவந்து இலையை மட்டும் உருவிக்கொண்டு போகிறோம். கொம்பில் கத்தி வைக்க மனம் வருவதில்லை. நுனிக் குருத்து இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கியே வைத்திருக்கும். நுனி போனால்தான் இலைக்கணுக்களில் உறங்கும் மொட்டுகள் விழிக்கும்.

வெட்டுவது நமக்குப் புதிய வித்தையா? 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட மாநிலம் இது. பால்மரத்தின் பட்டையை மெல்லிசாகச் சீவி, உள்ளே மரத்தில் காயம் படாமல் பால் எடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். அளவாகச் சீவினால் பட்டை மறுபடி வளரும். அந்தக் கைப்பக்குவம்தான் கறிவேப்பிலைக்கும் வேண்டும்.

செடி ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை வெட்டி, அடியிலிருந்து ஐந்தாறு கிளைகள் வரும்படி விடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கூர்மையான, சுத்தமான கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் கணுவைப் பாருங்கள். அந்த இடுக்கில் பச்சைப் புள்ளியாக மொட்டு தெரியும். அதற்கு அரை விரற்கடை மேலே, மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக ஒரே வெட்டு. உயர்ந்துபோன பழைய செடியை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுக்கவேண்டாம். வெள்ளைப் பூங்கொத்து தலைகாட்டினால் கிள்ளிவிடுங்கள். பூவும் பழமுமாகப் போகிற சத்து இலைக்குத் திரும்பும். இனி சமையலுக்கும் இலையை உருவாமல் கொழுந்தோடு கொப்பாக ஒடித்துக்கொள்ளுங்கள். அன்றாடம் பறிப்பதே கவாத்தாகிவிடும்.

எப்போது வெட்டுவது? குளிர் நாடுகளில் ஹோஸ்டா என்ற அழகுச் செடியை, பனி விழுந்து இலை பழுத்ததும் தரையோடு வெட்டிவிடுவார்கள். வேர் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் முளைக்கும். அந்த ஊர்க் காணொளிகளைப் பார்த்து அதே மாதத்தில் இங்கே கத்தியைத் தூக்கவேண்டாம். நம் செடிக்குப் பனிக்கால உறக்கம் கிடையாது, மழைதான் கணக்கு. மலாக்காவில் ஜனவரி, பிப்ரவரியில் மண் காய்ந்து கிடக்கும். அப்போது பெரிதாக வெட்டினால் செடி வாடும். மார்ச், ஏப்ரலில் மழை திரும்பும்போது, மழை பெய்யாத ஒரு காலையில் வெட்டுங்கள். ஆகஸ்டில் இன்னொரு தடவை லேசாக நுனி கிள்ளினால் தீபாவளிச் சமையலுக்குத் தளிர் தயாராக இருக்கும். வெட்டிய பிறகு அடியில் மக்கிய எருவும் தண்ணீரும் கொடுங்கள். புதுத் தளிரைத் தேடி வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் வரும். தின்னும் இலை இது, மருந்தடிக்காமல் கையால் பொறுக்கிவிடுங்கள்.

கவாத்து செய்த அன்று வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இலை சேரும். கட்டுக் கட்டாகக் கட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். கேட்காமலே கொடுத்துப் பழகியவர்கள் லயத்து மக்கள். மதிலும் கேட்டும் வைத்த தாமானிலும் அந்தப் பழக்கம் நிலைக்கவேண்டும். அதற்காகவாவது மழை திரும்பும் பருவத்தில் கத்தியை எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்